நாலு செகண்டில் ஒரு பதில்

அத்தியாயம் 1

அரசாங்கம் நான்கு விநாடியில் பதில் சொன்னது என்று யாராவது வந்து சொன்னால், முதலில் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். வெற்றிச்செல்வன் இரண்டையும் செய்தான்.

நசீம் பானு தண்ணீரைக் குடிக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. பூந்தமல்லியில் ஒரு தொடக்கப் பள்ளியில் பதினாறு வருடமாக மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒன்பது நாளாக சஸ்பெண்டு.

இடம் மண்ணூர்பேட்டை. கீழே பஞ்சர் கடை, மேலே வெற்றி துப்பறியும் நிலையம். பஞ்சர் கடையின் போர்டு பெரியது, கூட்டமும் அங்கேதான். வெற்றிச்செல்வன் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, தீப்பிடித்த கடைகள் தானாகத்தான் தீப்பிடித்தனவா என்று பார்த்துவந்தவன். உதவியாளன் அஜ்மல் ஆவடி ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். பத்துப் பேர் உட்கார்ந்த ஆட்டோவில் பதினோராவது ஆளை உட்காரவைக்கும் கலை துப்பறியும் தொழிலுக்கு எப்படிப் பயன்படும் என்பதை இரண்டு பேரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆட்டோ மட்டும் பயன்பட்டது.

"மொதல்லேருந்து சொல்லுங்க டீச்சர்" என்றான் வெற்றிச்செல்வன்.

"நிவேதிதா. என் கிளாஸ். எட்டு வயசு." நிறுத்தினார். அடுத்த வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுபோல் இருந்தது. "போன மாசம் இருபத்தி நாலாந்தேதி இறந்துட்டா. மாடிப்படியில விழுந்துட்டான்னு அவ சித்தப்பா சொன்னான். அவன் ஊட்லதான் வளர்ந்தா. போஸ்ட்மார்ட்டம் வேற சொல்லுச்சு. இப்ப ஜெயில்ல இருக்கான்."

வெற்றிச்செல்வன் குறிப்பேட்டைத் திறந்தான்.

"ஆளைப் புடிச்சாச்சு. அப்புறம் எங்ககிட்ட?"

"கொழந்தைய அடிக்கிறாங்கன்னு தெரிஞ்சும் டீச்சர் ஏன் யாருக்கும் சொல்லலன்னு எம்மேலயும் கேஸ். சட்டம் அப்படி. நான் சொன்னேன் சார். மூணு தடவை சொன்னேன்."

தன் செல்போனை மேஜைமேல் வைத்தார். திரையில் ஒரு குட்டி மணியின் படம். கீழே 'மழலைமணி' என்று எழுதியிருந்தது.

மழலைமணி என்பது மேற்குப் புறநகர் உள்ளாட்சிகள் சேர்ந்து மானியம் வாங்கிக் கொண்டுவந்த திட்டம். ஒரு குழந்தை வீட்டில் அடிபடுகிறது என்று டீச்சருக்கோ டாக்டருக்கோ சந்தேகம் வந்தால், செல்போனில் நாலு வரி எழுதிப் பொத்தானை அழுத்தினால் போதும். காவல் நிலையம், மருத்துவமனை, கல்வி அலுவலகம், குழந்தைகள் பாதுகாப்பு மையம் ஆகிய நான்கு இடங்களிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்குக் காகிதம் நடந்து போன காலம் முடிந்தது என்று எல்லாப் பள்ளிக்கும் காகிதத்தில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள்.

நசீம் பானு அனுப்பிய மூன்று தகவலுக்கும் பதில் வந்திருந்தது. மூன்றும் ஒரே பதில்.

'தங்கள் தகவல் உரிய அலுவலரால் பார்வையிடப்பட்டது. நடவடிக்கை தொடங்கப்பட்டுள்ளது. தாங்கள் தனியே தலையிட வேண்டாம்.'

"தலையிட வேணாம்னு போட்டிருந்துது" என்றார் நசீம் பானு. "நான் தலையிடல சார்."



"போலீஸ்ல இதைக் காட்டினீங்களா?" என்றான் வெற்றிச்செல்வன்.

"காட்டுனேன். பாதுகாப்பு மையத்துல கேட்டாங்களாம். அப்படி ஒரு தகவலும் வரலன்னு அங்க எழுதிக் குடுத்துட்டாங்க. நானா ஏதோ செஞ்சு கொண்டாந்துட்டேன்னு நினைக்கிறாங்க." டம்ளரை மேஜையில் வைத்தார். "வேலை போனா போவட்டும் சார். பார்வையிடப்பட்டதுன்னு போட்டிருக்கு இல்ல? பார்வையிட்ட ஆள் யாருன்னு எனக்குத் தெரியணும். படிச்சிட்டு சும்மா இருந்த அந்த மொகத்த ஒரு தடவை பாக்கணும். அவ்ளோதான்."

வெற்றிச்செல்வன் போனைக் கையில் எடுத்தான். மூன்றாவது தகவல் மாட்டுப் பொங்கல் அன்று போயிருந்தது. பள்ளி விடுமுறை. மளிகைக் கடை வாசலில் குழந்தையைத் தற்செயலாகப் பார்த்து, அங்கேயே நின்று அனுப்பியது. அனுப்பிய நேரம் பதினொன்று நாற்பது முப்பத்தொன்று. பதில் வந்த நேரம் பதினொன்று நாற்பது முப்பத்தைந்து. மற்ற இரண்டையும் பார்த்தான். அங்கேயும் அதே நான்கு விநாடி.

"அண்ணாத்தே" என்றான் அஜ்மல், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "கவர்மென்ட் ஆபீஸ்ல நாலு செகண்ட்ல ஃபேனே சுத்த ஆரமிக்காது. இதுல ஒரு ஆபீசர் படிச்சு, யோசிச்சு, நடவடிக்கை எடுத்து, அத்த டைப்பும் பண்ணிக்கீறாரு. அதுவும் மாட்டுப் பொங்கல் அன்னிக்கி. அன்னிக்கி ஆபீஸ்ல மாடுகூட இருந்திருக்காதே."

"வண்டிய எடு" என்றான் வெற்றிச்செல்வன்.

*

மேற்குப் புறநகர் குழந்தைகள் பாதுகாப்பு இணைப்பு மையம் அம்பத்தூரில் ஒரு மாடிக் கட்டிடத்தின் பின்பக்கம் இருந்தது. பெயர்ப்பலகை அறையைவிட நீளம் என்பதால் 'மையம்' மட்டும் பக்கத்துச் சுவருக்குத் திரும்பியிருந்தது.

பொறுப்பாளர் சுப்பராயன் எட்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். சாதுவான மனிதர். யார் என்ன கேட்டாலும் முதலில் பதிவேட்டைத் திறப்பார். இப்போதும் திறந்தார்.

"நவம்பர்லேருந்து இன்னிக்கு வரைக்கும் வந்த தபால் அத்தனையும் இதுல ஏறியிருக்கு சார். நிவேதிதாங்கிற பேர்ல ஒண்ணும் இல்ல. பதிவேட்டுல இல்லன்னா வரலன்னு அர்த்தம். அதைத்தான் எழுதிக் குடுத்தேன்."

வாசலோரமாக நின்ற நசீம் பானுவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"இது தபால்ல வர்றது இல்லையே. கம்ப்யூட்டர்ல வர்றது."

"கம்ப்யூட்டர் அதோ இருக்கே."

அறையின் மூலையில் அது இருந்தது. திரையின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. மேலே காய்ந்த சாமந்தி மாலை. நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம். பக்கத்தில் சுருங்கிப்போன எலுமிச்சம்பழம் ஒன்று.

"சாமி கும்புடுற ரூமுன்னு நெனச்சு செருப்பக் கழட்டப் போனேன்" என்றான் அஜ்மல்.

"திறப்பு விழா அன்னிக்கு நான்தான் பூஜை போட்டேன்" என்றார் சுப்பராயன், சற்றுப் பெருமையாகவே. "நவம்பர் மூணாந்தேதி. ஒன்பதே காலுக்கு மேல நல்ல நேரம். அந்தத் தேதிக்குள்ள திறக்கலன்னா மானியம் திரும்பிப் போயிடும்னுட்டாங்க. ராவோட ராவா எல்லாம் ரெடி பண்ணுனோம்."

"அதுலேருந்து தினமும் ஓடுதா?"

"தினமும் காலையில வந்ததும் முதல் வேலை இதை ஆன் பண்றதுதான் சார்."

வெற்றிச்செல்வன் மூலைக்குப் போனான். குனிந்தான். கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கம், ஆன் செய்கிற பொத்தானின் நட்டநடுவில், வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு. கீழே சந்தனம், மேலே குங்குமம். கோணல்மாணல் இல்லாத அழகான பொட்டு.

அவன் ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்து எடுத்தான். பொட்டு உதிர்ந்து விரலோடு வந்துவிட்டது. பொத்தான் இப்போது மொட்டையாக இருந்தது.

"மூணரை மாசமா தினமும் ஆன் பண்ணீங்க. பொட்டு இப்போதான் மொதத் தடவையா அழியுது."

சுப்பராயன் அந்த விரலைப் பார்த்தார்.

"கண்ணாலயே அமுக்கியிருப்பாரு அண்ணாத்தே" என்றான் அஜ்மல்.

சுப்பராயன் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்லக் குனிந்து, மேஜைக்கடியிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் காட்டினார். முனையில் தடிமனான பெரிய பிளக். சுவரில் இருந்தது சின்ன பாயின்ட்.

"நுழையல சார். பெரிய பாயின்ட் போட்டுக் குடுங்கன்னு லெட்டர் போட்டேன். ரெண்டு நினைவூட்டல் வேற போட்டேன். காப்பி எல்லாம் இருக்கு."

"பதில்?"

"வரல."

"அவங்களுக்கும் ஒரு மணி வெச்சுக் குடுத்திருக்கலாம்" என்றான் அஜ்மல். இந்தமுறை அவனே சிரிக்கவில்லை.

வெற்றிச்செல்வன் கேட்டான்: "இந்த மெஷின் ஓடலன்னா மத்த மூணு ஆபீஸுக்கும்?"

"எல்லாத்துக்கும் இதுலேருந்துதான் சார் போவணும். இதுதான் இணைப்பு."

வாசலிலிருந்து நசீம் பானு முதல்முறையாகப் பேசினார். "அப்போ விழாவுல மணி அடிச்சதே? நானும் வந்திருந்தேன். சிறப்பு விருந்தினர் பொத்தானை அமுக்குனாரு, மணி அடிச்சுது, மேடையில பதில் வந்துச்சு. எல்லாரும் பாத்தோமே."

"அது இந்த மெஷின் இல்லம்மா. புரோகிராம் எழுதுன தம்பி, ஸ்ரீநாத்துன்னு. அவரோட லேப்டாப்லேருந்து காட்டுனது." சுப்பராயன் பதிவேட்டை மூடினார். மூடியபிறகும் கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை. "நான் பொய் எழுதிக் குடுக்கலம்மா. இங்க எதுவும் வரல. அது உண்மைதானே?"

நசீம் பானு படியிறங்கினார்.

*

வானகரத்தில் ஸ்ரீநாத்தின் வீடு நான்காவது மாடி. லிஃப்டில் 'பழுது' என்ற அட்டை தொங்கியது. அட்டையே பழையதாகிக் கிழிந்திருந்தது. நசீம் பானு யாருக்கும் காத்திராமல் முன்னால் ஏறினார். மூன்றாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். வெற்றிச்செல்வன் கீழேயே இருக்கச் சொன்னான். தலையை ஆட்டி மறுத்துவிட்டு மேலே ஏறினார்.

கதவைத் திறந்தவனுக்கு இருபத்தாறு வயது இருக்கும். கரூர்க்காரன். வீட்டிலிருந்தே வேலை. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக்கால் டவுசர். வீடியோ மீட்டிங்குக்கு இடுப்புவரை நாகரிகம் போதும். 'மழலைமணி' என்றதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க, வாங்க உக்காருங்க. அதப் பத்தி யாருமே கேக்க மாட்டேங்கறாங்களேன்னு இருந்தேனுங்க."

"அந்தப் பதில்" என்றான் வெற்றிச்செல்வன். "எப்பவும் கரெக்டா நாலு செகண்ட்ல வருது. அது எப்படி?"

"அதுங்களா! அது ஒரு கதைங்க. விழாவுக்காக நாந்தான் வெச்சேன். தானா வர்ற பதில். மொதல்ல ஒரு செகண்ட்ல வர்ற மாதிரி வெச்சேன். ரொம்ப வேகம், யாரும் நம்ப மாட்டாங்கன்னு சொல்லிப்போட்டாங்க. பத்து செகண்ட் வெச்சேன். சிறப்பு விருந்தினர் அவ்வளவு நேரம் மேடையில சும்மா நிக்க மாட்டாருன்னாங்க. பேசிப் பேசிக் கடைசியில நாலுல முடிஞ்சுதுங்க."

"விழா முடிஞ்சப்புறம் எடுக்கலையா?"

"அம்பத்தூர் மெஷின ஆன் பண்ணி, அதுல வர்ற எண்ண எனக்குச் சொன்னாங்கன்னா, இதை நிறுத்திட்டு நெசமான பாதைக்கு மாத்தி உட்ருவேனுங்க. இன்னும் சொல்லல. அதுவரைக்கும் இது பயிற்சித் தளந்தான். வர்றதெல்லாம் எங்கிட்டயே வந்து விழுகும்."

"வந்துச்சா?"

"வந்துச்சுங்களே. நாப்பத்திமூணு." லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பினான். "டீச்சருங்களுக்கு டிரெயினிங் குடுக்கறப்ப, கற்பனையா ஒரு கொழந்தைய வெச்சு எழுதிப் பழகுங்க, வீட்டுக்குப் போயும் வாரம் ஒருக்காப் பழகுங்கன்னு சர்க்குலர் உட்ருந்தாங்க. அதான் எழுதி எழுதி அனுப்பறாங்க. என்னமா கற்பனை பண்றாங்க தெரியுங்களா? அதுலயும் ஒருத்தர் இருக்காங்க. அவங்க எழுதுனதுதான் டாப்பு."

"தம்பி" என்றான் அஜ்மல். "கொஞ்சம் இரு நைனா."

ஸ்ரீநாத் இருக்கவில்லை. தன் வேலையைப் பற்றி மூன்று மாதமாக யாரும் கேட்காதவன் அவன்.

"நீங்களே கேளுங்க. 'அவள் இப்போது இடது கையால் எழுதுகிறாள். போன மாதம் வரை வலது கையால் எழுதியவள். ஏன் என்று கேட்டேன். ரெண்டு கையாலும் பழகணும் மிஸ், ஒரு கை போனா இன்னொண்ணு வேணும்ல என்று சொல்லிச் சிரித்தாள்.' சினிமால எழுதலாமுங்க இவங்க. எனக்குப் படிச்சப்பவே சிலிர்த்துப்போச்சு."

"'எழுத்து கோணலாக இருக்கிறது'" என்றார் நசீம் பானு. அவர் திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பைபாஸில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "'நான் மார்க் குறைக்கவில்லை. நான் நினைப்பது தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.'"

ஸ்ரீநாத் திரையைப் பார்த்தான். அடுத்த வரி அதுதான். அதற்கடுத்த வரியும் அதுதான்.

"உங்களுக்கு எப்படிங்க…"

"கற்பனை இல்லப்பா" என்றான் வெற்றிச்செல்வன். "அந்தக் கொழந்தை பேரு நிவேதிதா. போன மாசம் இருபத்தி நாலாந்தேதி செத்துப்போச்சு."

ஸ்ரீநாத்தின் கை லேப்டாப்பின் மேலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டான்.

"நான் பயிற்சின்னு நெனச்சேனுங்க. சத்தியமா பயிற்சின்னுதான்…"

"ஆக, இதை மூணு தடவையும் பார்வையிட்டது நீ ஒருத்தன்தான்."

இன்ஷூரன்ஸ் காலத்தில் தீ எங்கே ஆரம்பித்தது என்பது தெரிந்ததும் ஃபைலை மூடிவிடுவது வெற்றிச்செல்வனின் வழக்கம். இந்த ஃபைலையும் மூடலாம். நசீம் பானு பார்க்க விரும்பிய முகம் இதுதான். கரூரிலிருந்து பிழைக்க வந்த, மூக்கில் வியர்வை பூத்த, அழப்போகிற முகம்.

"இல்லீங்க" என்றான் ஸ்ரீநாத்.

"இன்னா இல்ல?" என்றான் அஜ்மல்.

"நான் ஒருத்தன் மட்டும் இல்லீங்க."

அவன் ஒரு வீடியோவைத் தேடினான். அவசரத்தில் இரண்டுமுறை வேறு எதையோ திறந்தான். மூன்றாவது முறை சரியானது திறந்தது. பெரிய மண்டபம். மேடையில் பேனர். 'மழலைமணி – இரண்டாம் தவணை மானியத்துக்கான ஆய்வுக் கூட்டம்.' தேதி டிசம்பர் இருபது.

"இதுல மாதிரிக்கு ஒரு ரிப்போர்ட்டு காட்டணும்னு கேட்டாங்க. நல்லா இருக்கறதாப் பாத்துக் குடுன்னாங்க. நான் இதக் குடுத்தேன்."

மேடையின் பெரிய திரையில் அந்த வரிகள் வந்தன. இடது கை, வலது கை, கோணல் எழுத்து. குழந்தையின் பெயர் இருந்த இடத்தில் 'சிறுமி அ' என்றும், டீச்சர் பெயர் இருந்த இடத்தில் 'ஆசிரியர்' என்றும் மாற்றியிருந்தார்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது சட்டம். திட்டத்தில் அந்த ஒன்றை மட்டும் யாரும் மீறவில்லை.

ஒருவர் மைக்கில் வாசித்தார். உணர்ச்சியோடு, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஸ்ரீநாத்தின் லேப்டாப்பிலிருந்து மணி அடித்தது. நான்கு விநாடியில் பதில் வந்தது. கேமரா பார்வையாளர்கள் பக்கம் திரும்பியது. முதல் வரிசையில் காவல்துறை, மருத்துவமனை, கல்வித்துறை. ஓரமாக, சால்வை போட்ட சுப்பராயன்.

மண்டபமே கைதட்டியது.

'இந்த மானியம் எதுக்குன்னு கேட்டவங்களுக்கு இதுதான் பதில்' என்றது மைக். மறுபடி கைதட்டல்.

அஜ்மல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். "நாலு ஆபீஸும் இங்கதான் குந்திகினு கீது அண்ணாத்தே" என்றான் சுவரிடம். "நாலு பேரும் பாத்துட்டானுங்க."

"தம்பி, கொஞ்சம் பின்னாடி போ" என்றார் நசீம் பானு. "போதும். நிறுத்து."

உறைந்த படத்தில் முதல் வரிசை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனார். ஒரு முகத்தில் விரலை வைத்தார்.

"இவர்தான் என்னை மூணு மணி நேரம் உக்காரவெச்சு விசாரிச்சாரு. ஏம்மா சொல்லலன்னு கேட்டாரு." விரல் நகர்ந்தது. "இந்த டாக்டரம்மாதான் கடைசியில அவளப் பாத்தாங்க." மூன்றாவது வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே விரல் கொஞ்ச நேரம் நின்றது. "இவங்க அழுதுட்டாங்க, பாருங்க. யாருன்னு தெரியல. நல்ல மனசு."



"டிசம்பர் இருபது" என்றார். "சனிக்கிழமை. அன்னிக்கு அவளுக்கு வீட்டுப்பாடம் ஏழாம் வாய்ப்பாடு குடுத்திருந்தேன். திங்கக்கிழமை வந்து ஒப்பிச்சா."

வெற்றிச்செல்வன் அவர் பக்கம் திரும்பினான். "டீச்சர், இந்த வீடியோ போதும். உங்க கேஸ் நிக்காது. வேலையும் திரும்பிக் கிடைக்கும். நாளைக்கே வக்கீலைப் பார்ப்போம்."

"சரி சார்." அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "நாப்பத்திமூணுன்னீங்களே தம்பி. என்னோடது மூணு. மிச்சம்?"

ஸ்ரீநாத் நிமிர்ந்தான்.

"அதுல எது பயிற்சி, எது நெசம்?"

"தெரியாதுங்க. எல்லாம் ஒரே மாதிரி பாரத்துலதான் வரும். பேரு, வயசு, பள்ளிக்கூடம். ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காதுங்க."

"திறங்க."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நாற்பதையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பரீட்சைத் தாள் திருத்துகிறவரின் வேகம். சிலவற்றை இரண்டு வரியிலேயே தள்ளினார். சிலவற்றில் நின்றார். ஒரு காகிதத்தில் எண்களைக் குறித்துக்கொண்டே வந்தார். முடிந்தபோது காகிதத்தில் ஆறு எண்கள் இருந்தன.

"எப்படி டீச்சர்?" என்றான் வெற்றிச்செல்வன். இன்றைக்கு அந்தக் கேள்வியை மற்றவர்கள்தான் அவனிடம் கேட்டிருக்க வேண்டும்.

"பயிற்சிக்கு எழுதுனவங்களுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கு சார். யார் அடிச்சா, எதால அடிச்சா, எத்தனை மணிக்குன்னு. அவங்களே உண்டாக்குன கொழந்தை ஆச்சே. நெசமாப் பாத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியல. இருக்கலாம், தோணுதுன்னு தயங்கித் தயங்கி எழுதியிருக்காங்க." காகிதத்தைத் தட்டினார். "இந்த ஆறு பேரும் கடைசியில மன்னிப்புக் கேட்டிருக்காங்க. கற்பனைக் கொழந்தைக்காக யார் சார் மன்னிப்புக் கேப்பாங்க?"

வெற்றிச்செல்வன் காகிதத்தை வாங்கி, அஜ்மலிடம் நீட்டினான். "ஆறு விலாசம். கொழந்தைங்க ஹெல்ப்லைன் 1098க்குப் போட்டு ஒவ்வொண்ணாச் சொல்லு. அவங்க எழுதிக்கிட்டாங்களான்னு திருப்பிச் சொல்லச் சொல்லு. நான் கமிஷனர் ஆபீஸுக்குப் பேசறேன்."

"மனுசன்தானே எடுப்பான்?" என்றான் அஜ்மல். கேலியாகக் கேட்கவில்லை.

"மனுசன்தான்."

நசீம் பானு தன் போனை எடுத்திருந்தார். ஆறில் இருப்பதிலேயே புதிது போன செவ்வாய்க்கிழமை வந்தது. செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளி. எழுதிய டீச்சர் ஞானம்மாள். 'பையன் மத்தியான வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்கிறான். குளிராக இருக்கலாம். தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.'

மணி அடித்தது. ஐந்தாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் தட்டுகளின் சத்தம், பிள்ளைகளின் இரைச்சல். மதிய உணவு நேரம்.

"ஞானம்மாள் டீச்சரா? நானும் ஒரு டீச்சர்தான், பூந்தமல்லியிலேருந்து பேசறேன். மழலைமணியில ஸ்வெட்டர் பையனப் பத்திப் போட்டிருந்தீங்க."

"ஆமாம் மேடம். பார்த்துட்டோம், நடவடிக்கை எடுக்கிறோம்னு உடனே பதில் வந்துச்சே. அதான் நான் அப்புறம் எதுவும்…" குரல் தேய்ந்தது. "ஏன் மேடம்? யாரும் வரலையா?"

"இன்னிக்கு அவன் ஸ்கூலுக்கு வந்திருக்கானா?"

"காலையில… இருங்க, சாப்பாட்டு வரிசையில பாக்கறேன்."

போன் கையிலிருந்தபடியே நடந்துபோகும் சத்தம். யாரோ ஒரு பிள்ளை "மிஸ், இவன் தள்றான்" என்றது. டீச்சர் பதில் சொல்லவில்லை. நசீம் பானு மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீநாத் எழுந்து நின்றுவிட்டான். வெற்றிச்செல்வன் கமிஷனர் அலுவலகத்து எண்ணை அழுத்தாமல் நின்றான்.

"இருக்கான் மேடம். இங்கதான் இருக்கான்."

"அவன்கிட்ட ஒரு நிமிஷம் குடுக்கறீங்களா?"

கை மாறும் சத்தம். பிறகு ஒரு மூச்சு. சின்ன மூச்சு.

"நான் ஒண்ணும் பண்ணல மிஸ்."

நசீம் பானு கண்ணை மூடிக்கொண்டார். வாயைப் பொத்திய கையை எடுத்தபோது, பதினாறு வருடமாக மூன்றாம் வகுப்புக்குள் நுழைகிற குரல் வந்தது.

"தெரியும்பா. சும்மாதான் கூப்ட்டேன். இன்னிக்கு என்ன சாப்பாடு?"

"சாம்பார் சாதம். முட்டை."

"முட்டை சாப்ட்டியா?"

"கடைசில சாப்புடுவேன்."

"சரி. மெதுவா சாப்புடு. அவசரமே இல்ல. நீ அந்த முட்டைய முடிக்கிறதுக்குள்ள நான் அங்க வந்துடறேன். உன் மிஸ்ஸ உன் பக்கத்துலயே உக்காரச் சொல்லு. இன்னிக்கு யார் வந்து கூப்ட்டாலும் போகாத. நான் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கலாமா?"

"ம்" என்றது போன்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவர் கதவைத் திறந்து, நான்கு மாடியையும் இறங்கத் தொடங்கினார்.